ஏழு ஜன்னல்களுக்குத் திரை

ஜனவரி 4, ஞாயிறு

வண்டி இன்று வீடு வந்து சேர்ந்தது. முன்னும் பின்னுமாக ஒரு மணி நேரம் நகர்த்தி, வேப்பமரத்தில் ஒரு கிளையை ஒடித்து, ஒருவழியாக மதில் ஓரம் நிறுத்தினார் என் வீட்டுக்காரர். பாதி வீட்டை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

இதைக் குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கோழி அடைத்து வைத்திருந்தார்களாம். அறுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு துரை காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றிய கேரவன். என் வீட்டுக்காரர் செல்லமுத்துவுக்குக் கரூரில் முப்பத்திரண்டு வருஷம் பஸ் பாடி கட்டியது போதவில்லை. ரிட்டயர் ஆன கையோடு இதை வாங்கிவிட்டார். இழுத்துக்கொண்டு போகிற வண்டிக்குள் ஆள் உட்காரக் கூடாது என்று சொன்னார்கள். உடனே சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பழைய வேன் சேஸிஸ் மேல் தூக்கி வைத்து, பர்மிட்டுக்கு மாசக்கணக்கில் அலைந்தார்.

எல்லாம் தாரணிக்காக. எங்களுக்கு ஒரே பெண். போன பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "கடல் பாக்கோணும்ப்பா" என்று சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வயசுப் பெண், ஒரு செல்போன் கேட்டிருக்கலாம்.

அவளுக்கு லூபஸ். மூன்று வருஷமாகிறது. உடம்பே உடம்பை எதிர்க்கிற நோய் என்று டாக்டர் விளக்கினார். மூட்டு வீங்கும், காய்ச்சல் வரும், இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவப்பாகத் தடித்துக்கொள்ளும். மாத்திரையில் முகம் வேறு ஊதிவிட்டது. வெளிச்சமே ஆகாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் எங்கள் வீட்டில் எல்லா ஜன்னலும் சாத்தித்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவோம்.

கேரவனுக்கு ஏழு ஜன்னல். பழைய சுருட்டுத் திரையில் கை வைத்தேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. உருளைக்குள் ஸ்பிரிங் துருவேறிக் கட்டியாகக் கிடக்கிறது.

"திரை மட்டும் உன்ற பொறுப்பு, சாந்தா. மித்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

பதினெட்டு வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி செக்கிங்கில் இருந்தவள் நான். வேறு யார் தலையில் விழும்? தை முடிவதற்குள் தரங்கம்பாடி போய் வந்துவிட வேண்டும் என்கிறார். அதற்குப் பிறகு வெயில் ஏறிவிடும்.

ஜனவரி 6, செவ்வாய்

அளவெடுத்தேன். ஏழில் எதுவும் எதோடும் ஒத்துப்போகவில்லை. படுக்கையோரத்து ஜன்னல் இருபத்தாறு அங்குலம் மூன்று நூல். அதற்கு நேர் எதிரே இருக்கும் ஜோடி இருபத்தைந்தே முக்கால். மூலைகளெல்லாம் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வளைந்திருக்கின்றன.

சுவர் வேறு மேலே போகப் போக உள்பக்கம் சாய்கிறது. சும்மா தொங்கவிட்டால் திரை நேராக விழுந்து, அடியில் நாலு விரல் இடைவெளி விடுகிறது. கீழேயும் ஒரு கம்பி கொடுத்துக் கொக்கியில் மாட்டினால்தான் அடங்கும். குனிந்து நிமிர்ந்து இடுப்பு போய்விட்டது. துரைமார்களுக்கு நேராக ஒரு சுவர் கட்டத் தெரியாதா?

ஜனவரி 8, வியாழன்

ஐந்து விதத்தில் சாம்பிள் வாங்கி வந்தேன். கறுப்பு ரப்பர் பூசியது, விசிறி மாதிரி மடிவது, அலுமினியப் பட்டை, கெட்டிக் கேன்வாஸ், சாம்பல் நிற வலைத்துணி.

பட்டையைப் பார்த்ததுமே அவர் தள்ளிவிட்டார். "ரோட்டுல போறப்ப கடகடன்னு ஆடும். தரங்கம்பாடி வரைக்கும் தாளம் போட்டுட்டே வரும்."

மற்றதை ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் தெருவில் போய் நின்றேன்.

"என்ன தெரியுது?"

"நீங்க தெரியறீங்க. அடுத்ததப் புடிங்க."

கேன்வாஸில் அவர் நிழல் தெரிந்தது. விசிறித் துணியில் மடிப்புக்கு மடிப்பு ஆள் தெரிந்தது. வலைத்துணியைப் பிடித்தபோது ஒன்றுமே தெரியவில்லை, வெறும் சாம்பல். ஆனால் உள்ளே இருந்து அவருக்கு நான், எதிர்வீடு, அவர்கள் வீட்டுப் பூனை எல்லாம் தெரிந்ததாம்.

"வெயில் எவ்வளவு வருதுன்னு உள்ளார நின்னுதானே பாக்கோணும்? நீ ரோட்டுல நின்னு என்னத்தப் பாக்கறே?" என்று கேட்டார்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றேன்.

ஜனவரி 9, வெள்ளி

இட்லிக்கு ஆட்டினேன். தாரணி கன்னத்தில் சிவப்பு நேற்றைப் போலவேதான்.

ஜனவரி 12, திங்கள்

சாம்பிளைத் தாரணியிடம் காட்டினேன். ரப்பர் துணியைத் தொடக்கூட இல்லை.

"இதுன்னா நான் வரலம்மா. இதுக்குக் கேரவன் எதுக்கு? பீரோவுல வெச்சுப் பூட்டிக் கூட்டிட்டுப் போங்க."

வாய் மட்டும் குறையவில்லை. வலைத்துணியை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்து என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இது போதும்மா. எல்லாம் தெரியுது."

எனக்கும் அதுதான் பிடித்திருந்தது என்று சொன்னேன். அவர்தான் இடையில் மூக்கை நுழைத்தார். "வெளிச்சமே ஆகாதுன்னு சொன்னியே, சாந்தா? இதுல வெளிச்சம் வருமே?"

கண்ணாடிக்கு வெயிலைத் தடுக்கிற ஃபிலிம் ஒட்டிவிடுங்கள், அது போதும் என்றேன். நின்றால் ஒன்று, உட்கார்ந்தால் ஒன்று கேட்கிற மனுஷனுக்கு என்ன பதில் சொல்வது?

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். நாத்தனார் குடும்பத்தோடு வந்தார். "பொண்ணு எங்கே?" என்றார். தூங்குகிறாள் என்றேன். மூன்று வருஷமாக எப்போது வந்தாலும் அவள் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். நாத்தனாரும் இப்போதெல்லாம் மேலே கேட்பதில்லை.

அவர்கள் போனதும் பொங்கலை அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லாத் தூங்குனேன்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். முந்திரியை எல்லாம் ஓரமாக ஒதுக்கிக் கடைசியில் தின்றாள், சின்னதில் செய்த மாதிரியே.

ஜனவரி 19, திங்கள்

ஏழு திரையும் தைத்து மாட்டியாகிவிட்டது. ஒவ்வொரு விளிம்பையும் இரண்டு முறை பிரித்துத் தைத்தேன். கொக்கி எல்லாம் பஸ்ஸில் போடுகிற கொக்கி, அசையாது. அவர் உள்ளே ஒரு ட்யூப்லைட்டும் மாட்டினார். வீட்டிலிருந்து ஒயர் இழுத்திருக்கிறார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தாரணி அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். விளக்கு வைத்த பிறகுதான் வந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வீட்டில் நான் மட்டும் இருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் பாத்திர அலமாரியைத் துடைத்தேன்.

ஜனவரி 21, புதன்

இடுப்பு வலி. தாரணி தோசை சாப்பிடும்போது சிரித்துக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆறேகால் இருக்கும். எதிர்வீட்டுப் பாப்பாத்தி அக்காவின் தூக்குவாளி இரண்டு நாளாக என் வீட்டில் கிடந்தது, கொடுக்கப் போனேன். அக்கா கேட்டருகே நின்று எங்கள் வீட்டுப் பக்கம் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று திரும்பிப் பார்த்தேன்.

கேரவனுக்குள் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. படுக்கையோரத்து ஜன்னலில் என் பெண் நிற்கிறாள். திரை போட்டுத்தான் இருக்கிறது. ஆனால் திரையே இல்லாத மாதிரித் தெரிகிறாள். ஊதின முகம், கன்னத்துச் சிவப்பு, கொட்டிப்போய் மெலிந்த பின்னல், எல்லாம். அவளும் கையை ஆட்டினாள். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"தெனமும் இந்நேரத்துக்குக் கையாட்டும் புள்ள. ஒரு வாரமாச்சு. மாடி வீட்டு டீச்சரும் ஆட்டுவாங்க, பால்காரரும் ஆட்டுவாரு. உனக்குத் தெரியாதா சாந்தாமணி?" என்று கேட்டார் அக்கா.

தெரியும் என்று சொன்னேன்.

தெரிந்திருக்கத்தான் வேண்டும். செக்கிங்கில் எங்களுக்குக் கண்ணாடி மேசை. அடியில் விளக்கு எரியும், துணி மேலே ஓடும். பின்னால் வெளிச்சம் இருந்தால் ஓர் இழை விட்டுப்போனதுகூடக் காட்டிக்கொடுத்துவிடும். பதினெட்டு வருஷம் அந்த மேசை முன்னால் நின்றவள், எல்லாச் சாம்பிளையும் பட்டப்பகலில் மட்டும் பார்த்திருக்கிறேன். விளக்குப் போட்டால் வெளியே தெரிவோம் என்று தாரணிக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

ஜனவரி 26, திங்கள்

கடை லீவு. கடைக்காரருக்குப் போன் போட்டு, ஏழு ஜன்னலுக்கும் கறுப்பு ரப்பர் துணி சொல்லிவிட்டேன்.

தாரணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும், "பொழுது உழுந்தப்பறம் ஏதும்மா வெயிலு? நீ திரை போடறது வெயிலுக்கா, ஊருக்கா?" என்றாள்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. பெற்றவளிடம் பேசுகிற பேச்சா இது என்று கத்தினேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த வீட்டில் சாத்துவதற்கு இன்னொரு கதவு இருந்ததே ஆச்சரியம்தான்.

ஜனவரி 28, புதன்

கறுப்புத் துணி வந்தது. மெஷின் ஊசி இரண்டு உடைந்தது. தைக்கும்போது ரப்பர் நாற்றம் தலையைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. கேரவனுக்கும் போகவில்லை. ஆறேகால் மணிக்குப் பாப்பாத்தி அக்கா கேட்டருகே வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அண்ணன் மகள் கல்யாணம். நோய் அப்போதுதான் தெரியவந்திருந்தது. பந்தியில் தாரணியும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அடுத்த இலையில் சம்பந்தி வீட்டம்மா ஒருத்தி, மடியில் பேரப்பிள்ளை. தாரணி முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மை வாத்திருக்குதா? கொழந்தைங்க இருக்கற எடத்துக்கு இப்படியா கூட்டிட்டு வருவாங்க?" என்றாள். பாதி இலையில் எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தாரணி ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். அந்தக் கை அப்படியே நின்றது.

அன்றைக்கு அண்ணனிடம், வெயில் ஆகாது, கிளம்புகிறோம் என்று சொன்னேன். மணி ராத்திரி எட்டு. அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எல்லோருக்கும் அதே பதில்தான், யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

எங்கள் கம்பெனியில் பழுது பட்ட துணியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக அடுக்கிவைப்போம்.

மூன்று திரைதான் தைக்க முடிந்தது.

ஜனவரி 30, வெள்ளி

கோயம்புத்தூர், செக்கப். வழக்கமாக அவர் வெளியே காத்திருப்பார், நானும் தாரணியும் உள்ளே போவோம். கேள்வி கேட்டால் நான்தான் பதில் சொல்வேன். இன்று அவரும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"டாக்டர், புள்ளையக் கடலுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கோம். வெளிச்சம் படாம வண்டி செஞ்சிருக்கேனுங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. "வெளிச்சம் எதுக்குப் படக்கூடாது? பத்து மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் நேர் வெயில் வேண்டாம்னுதானே சொன்னேன்? க்ரீம் போடணும், முழுக்கை போடணும், குடை பிடிக்கணும். காலையிலயும் சாயங்காலமும் நடக்கச் சொல்லி முதல் சீட்டுலயே எழுதிக் கொடுத்திருக்கேனே. தினமும் நடக்கறான்னு அம்மா சொல்றாங்களே?"

அந்தச் சீட்டு பீரோவில் என் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது காங்கேயம் தாண்டியதும் தாரணியிடம் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் நான் சொல்கிற பொய்யைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தாய், ஒரு தடவையாவது டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே என்று.

"சொன்னா நீ அழுவியேம்மா" என்றாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

அவர் திட்டுவார் என்று இரண்டு நாளாகக் காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

இன்று காலையில் கறுப்புத் திரையைக் கேட்டார். மூன்றுதான் தைத்திருக்கிறேன் என்றேன். "மூணு போதும்" என்று எடுத்துக்கொண்டு போனார். கேரவனில் வலதுபக்கம் மூன்று ஜன்னல், இடதுபக்கம் மூன்று, பின்னால் ஒன்று. வலதுபக்கத்து மூன்றுக்கு மட்டும் வலைத்துணிக்கு மேலே கறுப்பையும் மாட்டினார். இடதுபக்கத்திலும் பின்னாலும் வலைத்துணியை உருளையில் மேலே சுருட்டிவைத்துவிட்டார்.

"பஸ் ஸ்டாண்டுல சனங்க என்ன கேட்டு ஏறும்? எந்தப் பக்கம் வெயில் அடிக்காதுன்னுதானே கேக்கும்?" என்று தாரணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "தை மாசம் சூரியன் தெற்கால சாஞ்சு போவான். நாம கெழக்கால போறோம். அப்ப வெயிலு எந்தப் பக்கம், அம்மிணி?"

"வலது பக்கம்ப்பா."

"இடது பக்கம்?"

"பொழுதுக்கும் நெழலு. மத்தியானம் வரைக்கும் பின்னாலயும் நெழலு."

முப்பத்திரண்டு வருஷம் பஸ் கட்டினவருக்கு இது முதல் நாளே தெரியும். இருந்தும் திரை என் பொறுப்பு என்று ஏழு ஜன்னலையும் என்னிடமே விட்டுவிட்டார். நான் எதற்கு மூடுகிறேன் என்று அவருக்கும் தெரிந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. கேட்க எனக்குத் தெம்பில்லை.

பிப்ரவரி 7, சனி

எப்போதும் போல விடிவதற்கு முன்னால் கிளம்பலாம் என்றேன். "விடிஞ்சப்பறம்" என்றார். ஏழு மணிக்குக் கிளம்பினோம். பாப்பாத்தி அக்கா கேட்டருகே நின்று கையாட்டினார். மாடி வீட்டு டீச்சரும் வந்திருந்தார். நானும் ஆட்டவேண்டியதாகிவிட்டது.

தாரணி முழுக்கைச் சட்டை போட்டு, க்ரீம் பூசி, இடதுபக்க நடு ஜன்னலில் உட்கார்ந்துகொண்டாள். காவிரி, வாழைத்தோப்பு, ரயில்வே கேட், எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். கடைப் போர்டைக்கூட விடவில்லை. நான்தான் ஒவ்வொரு ஊர் வரும்போதும் சுருட்டிவைத்த திரையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன்.

கும்பகோணத்தில் நெரிசல். வண்டி ஒரு பஸ் ஸ்டாப்பை ஒட்டி நின்றுவிட்டது. ஜன்னலுக்கு இரண்டடி தள்ளி இருபது பேர். ஒருத்தர் பார்த்தார், அப்புறம் இரண்டு பேர், அப்புறம் எல்லோரும். காய்கறிப் பை வைத்திருந்த ஓர் அம்மாள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு மூஞ்சில என்னங்க?"

என் கை தானாகத் திரைக் கயிற்றுக்குப் போய்விட்டது. ஓர் இழுப்பு போதும். நானே தைத்து மாட்டிய திரை, சத்தமில்லாமல் இறங்கும். தாரணி திரும்பி என் கையைப் பார்த்தாள். பந்தியில் நின்ற அந்தக் கை இப்போது மடியில் இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கயிற்றை விட்டுவிட்டு அவளை ஒட்டி, ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்தேன்.

"என்ற பொண்ணுங்க. லூபஸ்னு ஒரு நோவுங்க. ஒட்டாதுங்க. கடலு பாக்கக் கூட்டிட்டுப் போறோம்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது.

"அப்படியா? வெயில்ல நிக்காதம்மா, கொடை வச்சுக்க" என்றார் அந்த அம்மாள். அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது. எங்களை மறந்து ஓடிப்போய், ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு ஒரு சீட் பிடித்தார். மற்றவர்களும் ஓடினார்கள். பஸ் ஸ்டாப் காலியாகிவிட்டது.

அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"அம்மா, அந்தம்மா வெயில் அடிக்கற பக்கமாப் போய் உக்காந்துட்டாங்க" என்று தாரணி சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுவேன் என்றுதான் அவளுக்கு முன்பே தெரியுமே.

பிப்ரவரி 8, ஞாயிறு. தரங்கம்பாடி

அசதி. உடம்பெல்லாம் வலி. நேற்றுச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கடற்கரைக்குப் போனோம். கூட்டம் இருந்தது. தாரணி முழங்கால் வரை நனைந்தாள். இன்று சாயங்காலமும் போகிறோம்.

செக்கிங் வேலையில் கடைசியாக எண்ணிக்கை எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன். வந்த வழி முழுக்க நாலு ஜன்னல் திறந்திருந்தது, மூன்று மூடியிருந்தது. மூடியது வெயிலுக்காக மட்டும்.